ட்ரெய்லருடன் முகாமில் ஓரிரவு: முன்பதிவு முதல் மறுநாள் புறப்பாடு வரை

படுக்கை, சமையலறை, கழிவறையோடு காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு ட்ரெய்லரில் ஓரிரவு தங்குவதில் எந்த வேலையும் தனியாகப் பார்த்தால் கடினமில்லை. வரிசை தவறும்போதுதான் வம்பு. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்காமல் ஹிட்சை, அதாவது இழுக்கும் வண்டியோடு ட்ரெய்லரைப் பிணைக்கும் இணைப்பை, கழற்றினால் ட்ரெய்லர் உருளும். தண்ணீர் நிரம்பாத சூடேற்றிக்கு மின்சாரம் கொடுத்தால் உள்ளிருக்கும் கம்பி எரியும். கழிவுத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்தால் சில நாள் கழித்து மூக்கைப் பிடித்துக்கொண்டு வருந்த வேண்டியிருக்கும்.

இந்த வழிகாட்டி அமெரிக்காவின் முகாம்களையும் ஆர்வி (தங்கும் வசதியுள்ள வண்டி) பூங்காக்களையும் மனத்தில் வைத்து எழுதியது. நான் இழுப்பது இரட்டை அச்சும் 30 ஆம்ப் மின் இணைப்பும் கொண்ட நடுத்தர ட்ரெய்லர். உங்கள் வண்டி சிறியதாகவோ பெரியதாகவோ இருந்தாலும் வரிசை இதுதான்.

1. பதிவுக்கு முன் வண்டியை அளந்துகொள்ளுங்கள்

ட்ரெய்லரின் மாடல் பெயரில் உள்ள எண்ணை நீளம் என்று நம்பிவிடாதீர்கள். பல மாடல்களில் அது உள்ளறையின் அளவை மட்டுமே குறிக்கும். முன்நாக்கிலிருந்து, அதாவது இழுக்கும் வண்டியோடு இணையும் முன்நீட்சியிலிருந்து, பின்பம்பர் வரை அளந்தால் மூன்று நான்கு அடி கூடுதலாக வரும். அளவுநாடாவை எடுத்து நீங்களே அளந்துவிடுங்கள். இழுக்கும் வண்டியையும் சேர்த்த மொத்த நீளம், கூரைமேல் ஏசி வரையிலான உயரம் இரண்டையும் ஒரு தாளில் எழுதி, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

முகாமில் ஒவ்வோர் இடத்துக்கும் நீள வரம்பு உண்டு. பழைய தேசியப் பூங்கா முகாம்கள் குட்டையான வண்டிகள் ஓடிய காலத்தில் அமைந்தவை. அங்கே இரண்டடி கூடினாலும் முன்பக்கம் பாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும். சாலைகளிலும் இதே கதைதான். கிளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலையில் அவலாஞ்ச், ரைசிங் சன் என்னும் இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் 21 அடியைத் தாண்டிய வண்டிக்கு அனுமதியில்லை. ட்ரெய்லரை முகாமிலேயே விட்டுவிட்டு, இழுக்கும் வண்டியை மட்டும் ஓட்டிச் செல்ல வேண்டியதுதான்.

2. எந்த இடம், எப்போது பதிவு

தேசியப் பூங்கா, தேசிய வனம், ராணுவப் பொறியாளர் பிரிவு நிர்வகிக்கும் ஏரிக்கரை முகாம்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றை ரிக்ரியேஷன்.கவ் தளத்தில் பதிவு செய்யலாம். பல முகாம்களுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு திறக்கிறது. சில பூங்காக்கள் தனிக் கணக்கு வைத்திருக்கும் என்பதால் முகாமின் பக்கத்தைத் திறந்து தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாநிலப் பூங்காக்களுக்கு அந்தந்த மாநிலத்தின் தளம் தனி.

பெயர்பெற்ற பூங்காவில் இடம் கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். பயணம் நெருங்கும்போது பலர் ரத்து செய்வார்கள். கடைசி இரண்டு வாரங்களில் தினமும் ஒருமுறை பாருங்கள். ஏரிக்கரை முகாம்களையும் புதியவர்கள் கண்டுகொள்வதில்லை. அவற்றில் பல விசாலமானவை, மின் இணைப்பும் உண்டு. 62 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களும் கூட்டரசின் மூத்தோர் அட்டை வைத்திருந்தால் இவற்றில் பலவற்றில் கட்டணம் பாதியாகும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலாவது, இணைப்பு: மின்சாரம் மட்டுமா, தண்ணீரும் உண்டா, கழிவுக் குழாயும் சேர்ந்த முழு இணைப்பா? முழு இணைப்பு தனியார் பூங்காக்களில் சாதாரணம், தேசியப் பூங்காக்களில் அபூர்வம். யெல்லோஸ்டோனுக்குள் அது கிடைப்பது ஃபிஷிங் பிரிட்ஜில் மட்டுமே. கரடி நடமாட்டம் காரணமாக அங்கே கெட்டிச் சுவர் கொண்ட வண்டிகளைத்தான் விடுவார்கள். துணிச் சுவர் கொண்ட மடக்கு ட்ரெய்லருக்கு இடமில்லை.

இரண்டாவது, நுழையும் முறை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் புல்-த்ரூ இடமா, பின்னோக்கி நுழைக்க வேண்டிய பேக்-இன் இடமா? ஓரிரவு மட்டும் தங்குவதென்றால் கூடுதல் கட்டணம் கொடுத்தாவது புல்-த்ரூ எடுங்கள். பெரும்பாலும் ஹிட்சைக் கழற்றாமலே தூங்கி எழுந்து போய்விடலாம். மூன்றாவது, தங்கும் நாட்கள்: வார இறுதியில் இரண்டு இரவு பதிவு செய்தால்தான் இடம் தருவோம் என்னும் பூங்காக்கள் நிறைய. ஓரிரவுப் பயணத்தை வாரநாளில் வைத்துக்கொள்வது நல்லது.

3. வண்டியில் இருக்க வேண்டியவை

வாங்கத் தொடங்கினால் கடையே வீட்டுக்கு வந்துவிடும். முதல் இரவுக்குத் தேவையானவை கொஞ்சம்தான்: சக்கரங்களுக்கு முட்டுக்கட்டைகள், மட்டம் சரிசெய்யும் பிளாஸ்டிக் கட்டைகள், ஒரு ரசமட்டம், மின்காப்புக் கருவி, 30 ஆம்ப் பிளக்கை 50 ஆம்ப் சாக்கெட்டில் பொருத்தும் அடாப்டர், குடிநீருக்கென்றே விற்கும் வெள்ளை அல்லது நீல ஹோஸ், நீரழுத்தச் சீராக்கி, கழிவுக் குழாயும் அதன் முழங்கை முனையும், ஒரு பெட்டி கையுறை.

கழிவுக்கான பொருள்களையும் குடிநீர் ஹோஸையும் ஒரே அறையில் போடாதீர்கள். கழிவுப் பொருள்களை மூடியுள்ள தனிப் பெட்டியில் வையுங்கள். தொட்டி கழுவ ஒரு ஹோஸ் வேண்டுமென்றால் வேறு நிறத்தில் வாங்குங்கள். இருட்டில் கைக்கு அகப்பட்டதை எடுக்கும்போது நிறம்தான் காப்பாற்றும்.

4. எடை, டயர், பாதை

நாக்கு எடை, அதாவது ஹிட்ச் பந்தின்மேல் ட்ரெய்லர் சுமத்தும் எடை, ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் வேகம் கூடும்போது ட்ரெய்லர் வால்போல ஆடத் தொடங்கும். கனமான பொருள்களைப் பின்முனையில் அடைப்பதுதான் வழக்கமான காரணம். அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ அடுக்குங்கள்.

தண்ணீரின் எடையை மறந்துவிடுகிறோம். ஒரு கேலன் 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல். முகாமில் தண்ணீர் இணைப்பு இருந்தால் கழிவறைக்கும் கை கழுவவும் போதுமான அளவு மட்டும் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

டயரில் காற்றைக் காலையில், ஓட்டத் தொடங்கும் முன் பாருங்கள். சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். பக்கவாட்டில் டாட் (DOT) என்னும் எழுத்துகளோடு தொடங்கும் குறியின் கடைசி நான்கு எண்களையும் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கோடுகள் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் ஐந்தாறு வயதான ட்ரெய்லர் டயரை நான் நம்புவதில்லை. ட்ரெய்லர் டயர்களில் பல மணிக்கு 65 மைல் வேகத்துக்குத்தான் செய்யப்பட்டவை. கலிபோர்னியாவில் எதையாவது இழுத்துச் செல்லும் வண்டிக்குச் சட்டப்படி 55 மைல்தான் வரம்பு.

கார்களுக்கான வழிகாட்டிச் செயலி உங்கள் உயரத்தை அறியாது. நியூயார்க் மாநிலத்தின் பார்க்வே சாலைகளில் தாழ்வான பாலங்கள் நிறைய. ட்ரெய்லர்களுக்கு அங்கே பொதுவாக அனுமதியுமில்லை. செயலியோ அவற்றைத்தான் நெருக்கமான வழி என்று காட்டும். உயரத்தையும் நீளத்தையும் கேட்டு வழி சொல்லும் ஆர்விச் செயலிகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள்.

தூரத்துக்கு, பழகியவர்கள் சொல்லும் மூன்று-மூன்று கணக்கு உண்டு: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் வேண்டாம், பிற்பகல் 3 மணிக்குள் சேர்ந்துவிட வேண்டும். முதலாவதை நான் சில சமயம் மீறியிருக்கிறேன். இரண்டாவதை மீறியபோதெல்லாம் வருந்தியிருக்கிறேன்.

5. வந்ததும் இறங்கி நடந்து பாருங்கள்

அலுவலகத்தில் வரைபடம் கொடுப்பார்கள். உங்கள் இடத்துக்கு எந்தப் பக்கமாகச் சுற்றி வரவேண்டும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முகாம் பாதைகள் பெரும்பாலும் ஒருவழி. தப்பான பக்கம் நுழைந்தால் திரும்ப வழியிருக்காது.

இடத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குங்கள். பின்னால் ஒருவர் காத்திருந்தாலும் பரவாயில்லை; அவரும் ஒருநாள் புதியவராக இருந்தவர்தான். மேலே பாருங்கள்: ஏசி உயரத்தில் கிளை இருக்கிறதா? கீழே பாருங்கள்: மரக்கட்டை, கல், நெருப்பு வளையத்தின் இரும்பு விளிம்பு? ஸ்லைடு, அதாவது அறையை அகலமாக்க வெளியே நீளும் சுவர்ப்பகுதி, வரும் பக்கத்தில் மேசையோ மரமோ இருந்தால் இப்போதே கணக்குப் போடுங்கள்.

பிறகு மின்பெட்டியும் தண்ணீர்க் குழாயும் கழிவுத்துளையும் எங்கே என்று பாருங்கள். ட்ரெய்லரின் இணைப்புகள் ஓட்டுநர் பக்கத்திலும் வாசல் மறுபக்கத்திலும் இருக்கும். வண்டி எந்த இடத்தில் நின்றால் கழிவுக் குழாய் எட்டும் என்பதை முடிவு செய்து தரையில் ஒரு கல்லை வையுங்கள். எல்லா வேலையும் முடிந்தபிறகு குழாய் இரண்டடி எட்டவில்லை என்று தெரிந்தால், எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

6. பின்னோக்கி நுழைத்தல்

மாலை நேர முகாமில் பொழுதுபோக்கு இதுதான். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒருமுறை ஒருவர் ஏசியைப் போட்டுக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு பின்னுக்கு வந்தார். மனைவி ட்ரெய்லருக்கு நேர் பின்னால் நின்று இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தன, ஓட்டியவருக்கு மட்டும் தெரியவில்லை. பின்பக்க ஏணி பைன் மரத்தில் சாய்ந்த சத்தம் கேட்டபிறகுதான் வண்டி நின்றது.

எனவே முதல் விதி: வழிகாட்டுகிறவர் ஓட்டுநரின் பக்கக்கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். கத்துவதைவிடக் கைபேசியில் ஒருவரை ஒருவர் அழைத்து, இணைப்பைத் துண்டிக்காமல் பேசுவது நல்லது. இடம், வலம் என்று சொல்லவே வேண்டாம், எதிரெதிரே நிற்பவர்களுக்கு அவை மாறிப்போகும். ஓட்டுநர் பக்கம், மேசைப் பக்கம் என்று சொல்லுங்கள்.

ஸ்டீரிங்கின் அடிப்பகுதியில் ஒரு கையை வையுங்கள். ட்ரெய்லரின் பின்பக்கம் எந்தத் திசையில் போக வேண்டுமோ, அந்தத் திசையில் கையை நகர்த்துங்கள். மேலே பிடித்தால் எல்லாம் தலைகீழாகத் தோன்றும். கொஞ்சமாகத் திருப்பி, ட்ரெய்லர் கேட்கிறதா என்று பார்த்து, பிறகு மேலும் திருப்புங்கள். புதியவர்கள் முழுதாகத் திருப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். அதற்குள் ட்ரெய்லர் மடங்கத் தொடங்கியிருக்கும்.

இடம் ஓட்டுநர் பக்கத்தில் இருந்தால் சன்னல் வழியாகவே பார்த்து நுழைக்கலாம். ஒருவழிப் பாதை இல்லையென்றால் சுற்றி வந்தாவது அந்தப் பக்கம் அமையும்படி செய்துகொள்ளுங்கள். கோணம் கெட்டுவிட்டால் பின்னுக்கு வந்தே சரிசெய்ய முயலாதீர்கள். முன்னே இழுத்து, நேராக்கி, மீண்டும் வாருங்கள். எத்தனை முறை இழுத்தீர்கள் என்று யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை.

7. மட்டம், முட்டுக்கட்டை, கழற்றல்

இந்த வரிசையை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

முதலில் இடவல மட்டம். ரசமட்டத்தைத் தரையில் குறுக்காக வையுங்கள். குமிழ் ஓடும் பக்கம் உயரம், மறுபக்கம் தாழ்வு. தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களின் முன் கட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் வண்டியை ஏற்றுங்கள். இரட்டை அச்சு என்றால் இரண்டு சக்கரங்களுக்கும் கட்டை வேண்டும். இழுக்கும் வண்டி இணைந்திருக்கும்போதுதான் இதைச் செய்ய முடியும். கழற்றியபிறகு பக்கவாட்டில் உயர்த்த வழியில்லை. அதனால்தான் இது முதலில்.

இரண்டாவது முட்டுக்கட்டை. இருபுறமும், சக்கரத்தின் முன்னும் பின்னும், இறுக்கமாக.

மூன்றாவது கழற்றல். நாக்கு எடையை இரு வண்டிகளின் அச்சுகளுக்கும் பகிரும் எடைபகிர் கம்பிகள் இருந்தால், கப்ளர் (ஹிட்ச் பந்தைக் கவ்வும் நாக்கின் முனை) பூட்டியிருக்கும்போதே முன் ஜாக்கியால் தூக்கி, கம்பிகளின் இறுக்கம் தளர்ந்தபிறகு எடுங்கள். இறுக்கத்தோடு நெம்பினால் அது முழங்காலைத் தேடி வரும். அடுத்து ஜாக்கியை இறக்கி, கப்ளர் தாழைத் திறந்து, மீண்டும் ஏற்றுங்கள். ஏழுமுனை மின்பிளக்கையும், ட்ரெய்லர் பிரிந்துபோனால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் அவசரப் பிரேக் கம்பியையும் கழற்றுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் கடைசி.

சங்கிலி கடைசி என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் ஆண்டில், பாதி வேலையில் பக்கத்து இடத்துக்காரர் வந்து எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பதில் சொல்லிக்கொண்டே தாழைத் திறந்து நாக்கை ஏற்றினேன். ஒரு பக்க முட்டுக்கட்டை இன்னும் பெட்டிக்குள் இருந்தது. ட்ரெய்லர் ஒரு சாண் பின்னால் உருண்டு, சங்கிலி இழுத்து நின்றது. சங்கிலி இல்லையென்றால் பின்னால் ஓடை. இப்போதெல்லாம் யாராவது பேச வந்தால் கையைக் காட்டி, முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இடையில் நிற்க நேர்ந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் முட்டுக்கட்டையிலிருந்து மீண்டும் பார்க்கிறேன்.

நான்காவது முன்பின் மட்டம். இதை முன் ஜாக்கியே பார்த்துக்கொள்ளும். ஐந்தாவது, நான்கு மூலைத் தாங்குகால்கள். அவை ஆட்டத்தை நிறுத்துவதற்கு மட்டுமே, வண்டியைத் தூக்குவதற்கு அல்ல. தரையைத் தொட்டபின் கொஞ்சம் இறுக்கினால் போதும். அவற்றால் வண்டியைத் தூக்கி மட்டம் செய்தால் சட்டம் முறுகிக் கதவு மூடாது. ஸ்லைடை நீட்டுவது இதற்கெல்லாம் பிறகுதான்.

மட்டம் தூக்கத்துக்காக மட்டுமில்லை. கேஸிலும் மின்சாரத்திலும் ஓடும் பழைய வகைக் குளிர்பதனப் பெட்டி சாய்ந்து நின்றால் உள்ளே திரவம் சரியாகச் சுழலாது. நெடுநேரம் அப்படி ஓடினால் பழுதாகிவிடும்.

புல்-த்ரூ இடத்தில் கழற்றாமல் தங்கினாலும் இடவல மட்டமும் முட்டுக்கட்டையும் வேண்டும். ஏழுமுனைப் பிளக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் சில வண்டிகளில் காலையில் இழுவண்டியின் பேட்டரி சோர்ந்து கிடக்கும்.

8. மின்சாரம்

மின்பெட்டியின் பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் பிளக்கைச் செருக வேண்டும், பிடுங்கவும் வேண்டும். மின்சாரம் ஓடும்போது செருகினால் பொறி பறந்து முனைகள் கரியும். உருகிக் கருத்த சாக்கெட் எல்லாம் இப்படி உருவானவைதான். அப்படிக் கருத்திருந்தால் வேறு இடம் கேளுங்கள்.

முதலில் மின்காப்புக் கருவியை மட்டும் செருகி, பிரேக்கரைப் போட்டு, விளக்குகளைப் பாருங்கள். இணைப்பு சரியென்று காட்டினால் பிரேக்கரை அணைத்து, வண்டியின் கேபிளைச் செருகி, மீண்டும் போடுங்கள். மின்னழுத்தம் 120 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் எல்லோரும் ஏசி போட்ட பிற்பகலில் அது சரியும். 105க்குக் கீழே இறங்கினால் ஏசியை நிறுத்துங்கள், கம்ப்ரசர் கெட்டுவிடும்.

30 ஆம்ப் என்பது 3,600 வாட். ஏசி ஓடும்போது ஏறக்குறைய 13 ஆம்ப் எடுக்கும், மைக்ரோவேவ் 12 வரை, தலைமுடி உலர்த்தி 12, சூடேற்றி மின்சாரத்தில் ஓடினால் 12. இவற்றில் இரண்டு ஒன்றாக ஓடலாம். மூன்றாவதைப் போட்டால் இருட்டுதான். 50 ஆம்ப் சாக்கெட்டில் அடாப்டர் போட்டுச் செருகினாலும் உங்கள் வண்டிக்குள் 30தான்.

9. தண்ணீர்

குழாயைத் திறந்து அரை நிமிடம் ஓடவிடுங்கள். முந்தையவர் அங்கே எதைக் கழுவினார் என்று உங்களுக்குத் தெரியாது. கிருமிநாசினி தெளித்துத் துடைப்பது என் பழக்கம்.

அழுத்தச் சீராக்கியைக் குழாயில் மாட்டி, அதில் ஹோஸை மாட்டுங்கள். ட்ரெய்லர் முனையில் மாட்டினால் ஹோஸுக்குப் பாதுகாப்பில்லை. வெயிலில் காய்ந்த ஹோஸ் வெடிக்கும். அழுத்தத்தை 40 முதல் 60 பிஎஸ்ஐக்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வைத்துக்கொள்ளுங்கள். சில பூங்காக்களில் அழுத்தம் இதைவிட மிக அதிகம். அலமாரிக்குப் பின்னால் ஒரு மூட்டு விலகினால் ஈரம் வெளியே தெரிய நாளாகும்.

ட்ரெய்லரில் இரண்டு வாய்கள் இருக்கும். நேரடி இணைப்புக்கு ஒன்று, தொட்டி நிரப்ப ஒன்று. மாற்றி மாட்டினால் தொட்டி நிரம்பி வழியும், குழாயில் தண்ணீர் வராது.

உள்ளே போய்ச் சூடுநீர்க் குழாயைத் திறந்து, காற்று கக்கி முடிந்து தண்ணீர் சீராக வரும்வரை விடுங்கள். அதற்குப் பிறகே சூடேற்றியின் மின்விசை. குளிர்காலம் முடிந்து முதல் பயணம் என்றால் சூடேற்றியைத் தவிர்க்கும் பைபாஸ் வால்வு பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

10. கழிவுநீர்

ட்ரெய்லரின் அடியில் குறைந்தது இரண்டு கழிவுத் தொட்டிகள் இருக்கும். பிளாக் டேங்க் கழிவறைக்கு, கிரே டேங்க் குளியலுக்கும் பாத்திரம் கழுவுவதற்கும். ஓரிரவு மட்டும் தங்குகிறீர்கள், தொட்டி பாதிகூட நிரம்பவில்லை என்றால் கழிவுக் குழாயை இணைக்கவே வேண்டாம்.

முழு இணைப்பு இருக்கிறதே என்று பிளாக் டேங்க் வால்வைத் திறந்து வைப்பதுதான் புதியவர்களின் மிகப் பெரிய பிழை. திரவம் உடனுக்குடன் ஓடிவிடும், திடமானது மட்டும் தொட்டியின் அடியில் கோபுரம்போல் குவிந்து காயும். பிறகு அதைக் கரைப்பது யாருக்கும் வாய்க்கக் கூடாத வேலை. வால்வை மூடியே வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியபின் திறந்தால் தண்ணீரின் வேகமே எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். கழிவறையில் தண்ணீரைத் தாராளமாக விடுங்கள். இங்கே சிக்கனம் கூடாது.

காலி செய்யும் வரிசை: கையுறை. குழாயின் ஒரு முனையைத் தரைத்துளையில் முழங்கையோடு திருகி இறுக்குங்கள். வெறுமனே செருகினால் திறந்த நொடியில் துள்ளி வெளியே வரும். மறுமுனையை வண்டியில் மாட்டி, காதுகள் பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பாருங்கள். அதை மாட்டுவதற்காக வண்டியின் மூடியைக் கழற்றும்போது சொட்டினால் உள்ளே ஏதோ ஒரு வால்வு முழுதாக மூடவில்லை என்று பொருள். அப்படியானால் ஒரு வாளியை அடியில் வைத்துவிட்டு மேலே தொடருங்கள்.

பிளாக் டேங்க் முதலில். சத்தம் அடங்கியதும் மூடிவிட்டுக் கிரே டேங்கைத் திறங்கள். சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். இதற்காகவே கிரே டேங்கையும் கடைசி நாளில் மூடி வைத்துச் சேர்க்க வேண்டும். முடிந்ததும் கழிவறை வழியாக இரண்டு மூன்று கேலன் தண்ணீரும் தொட்டி மருந்தும் ஊற்றுங்கள். வறண்ட தொட்டியில்தான் அடுத்த கோபுரம் தொடங்கும்.

உங்கள் இடத்தில் கழிவுத்துளை இல்லையென்றால் முகாமின் டம்ப் ஸ்டேஷனில், அதாவது கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் பொது இடத்தில், இதே வேலை. வார இறுதியில் புறப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பாக அங்கே நீண்ட வரிசை நிற்கும், சீக்கிரம் போங்கள். குடிக்கத் தகாத நீர் என்று எழுதிய குழாயின் அருகில் உங்கள் வெள்ளை ஹோஸைக் கொண்டுபோகாதீர்கள்.

11. இரவு

தேசியப் பூங்காக்களில் பொதுவாக இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஜெனரேட்டருக்கு அதைவிடக் குறுகிய நேரமே அனுமதி; அறிவிப்புப் பலகையில் இருக்கும். வெளிவிளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள், அடுத்த வண்டியின் படுக்கையறைச் சன்னலில்தான் அது விழுகிறது. அடுத்தவர் இடத்தின் குறுக்கே நடந்து கழிப்பறைக்குப் போகாதீர்கள்.

துணிப்பந்தலைச் சுருட்டிவிடுங்கள். மாலையில் இலை அசையாது. நள்ளிரவில் ஒரே காற்றில் அதன் கைகள் கூரைமேல் மடங்கிக் கிடக்கும். இரவில் உறைபனி வருமென்றால் தொட்டியில் கொஞ்சம் நீர் நிரப்பிக்கொண்டு ஹோஸைக் கழற்றி வடித்து வையுங்கள்.

கார்பன் மோனாக்சைடு கருவியையும் கேஸ் கசிவுக் கருவியையும் படுக்கும்முன் அழுத்திப் பாருங்கள். அறையைச் சூடாக்க அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது உயிரை விலையாகக் கேட்கும்.

விறகை வீட்டிலிருந்து கொண்டுவராமல் முகாமின் அருகே வாங்குங்கள். விறகோடு பயணம் செய்யும் பூச்சிகள் காடுகளையே அழிக்கின்றன; நியூயார்க் மாநிலத்தில் சூடேற்றிப் பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு அப்பால் கொண்டுசெல்லச் சட்டமே தடுக்கிறது.

12. மறுநாள் புறப்பாடு

பெரும்பாலும் காலை 11 அல்லது 12 மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். முதல் சில முறை ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

உள்ளிருந்து வெளியே வாருங்கள். அலமாரித் தாழ்கள், குளிர்பதனப் பெட்டியின் கதவு, கூரைத் துவாரங்கள், ஆன்டெனா. ஸ்லைடை இழுக்கும்முன் அதன் பாதையில் செருப்போ பொம்மையோ கிடக்கிறதா என்று பாருங்கள். கூரைமேல் கிளையும் சருகும் இருந்தால் தள்ளிவிடுங்கள். அடுத்து கழிவு, தண்ணீர், மின்சாரம். கேஸ் உருளையை மூடுங்கள். சில சுரங்கப்பாதைகளில் புரொபேனுக்கே அனுமதியில்லை. பால்டிமோர் துறைமுகச் சுரங்கம் அவற்றில் ஒன்று, சுற்றுவழி உண்டு.

தாங்குகால்களை ஏற்றியபிறகே ஹிட்சில் கை வையுங்கள். பந்தின்மேல் கப்ளரை இறக்கித் தாழிட்டு, ஊசியைச் செருகியபின் ஒரு சோதனை: முன் ஜாக்கியால் நாக்கைச் சற்றுத் தூக்குங்கள். இழுக்கும் வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து உயர்ந்தால் பூட்டு பிடித்திருக்கிறது. கப்ளர் மட்டும் மேலே வந்தால், தாழ் வெறும் பார்வைக்குத்தான் மூடியிருக்கிறது. சங்கிலிகளை நாக்கின் அடியில் குறுக்காகப் போடுங்கள்; கப்ளர் விடுபட்டாலும் நாக்கு தரையில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும்.

ஒருவரை உட்காரவைத்துப் பிரேக் விளக்கு, இருபக்கச் சைகை விளக்கு எல்லாம் பார்த்தபிறகே முட்டுக்கட்டையை எடுங்கள். அதை முதலில் எடுத்துப் பெட்டியில் போடுகிறவர்களை ஒவ்வொரு முகாமிலும் பார்க்கிறேன். மட்டக் கட்டைகளிலிருந்து வண்டியை முன்னே இறக்கி, பத்தடியில் நிறுத்தி, திரும்பி நடந்து வாருங்கள். கட்டைகள், மின்பெட்டியிலேயே தங்கிவிடும் அடாப்டர், குழாயில் தொங்கும் அழுத்தச் சீராக்கி மூன்றையும் நான் அப்படித்தான் மீட்டிருக்கிறேன், சீராக்கியை இருமுறை.

முகாம் பாதையில் மெல்ல நகரும்போது ஓட்டுநர் இருக்கையருகே ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் கட்டுப்படுத்தியைக் கையால் அழுத்துங்கள். ட்ரெய்லர் பின்னிருந்து இழுத்துப் பிடிப்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். முதல் நிறுத்தத்தில் இறங்கி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். நான்கும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தால் கிளம்பலாம். ஒன்று மட்டும் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ சிக்கியிருக்கிறது, அதைப் பார்க்காமல் நெடுஞ்சாலைக்குத் திரும்பாதீர்கள்.